மகள் நடை பழகிய பங்குனி

எங்கள் ஊரில் காரணமில்லாமல் யாரும் நடப்பதில்லை. தண்ணீர் திருப்ப நடப்பார்கள், அவிழ்த்துக்கொண்ட மாட்டைத் தேடி நடப்பார்கள், பங்குனியில் மாலை போட்டுக்கொண்டு பழனிக்கு நடப்பார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிப்பாதையில் கைவீசிப் போனால், ஒன்று பைக் பஞ்சராகியிருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் சண்டை நடந்திருக்க வேண்டும்.

"எங்க கெளம்பிட்டீக ரெண்டு பேரும்?"

"சும்மாதான்."

"சும்மான்னா?"

"வரப்பு உடைஞ்சிருச்சான்னு பாக்கப் போறோம்" என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். மனைவிதான் கூச்சப்படாமல் "வாக்கிங் போறோம் பெரியம்மா" என்பாள். பெரியம்மாக்கள் அவளைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

அவள் சின்னாளப்பட்டிக்காரி. அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டி வானத்தில் ஒரு முழத்துண்டுதான் தெரியும். ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி உள்ளே இருக்கிற எங்கள் ஊருக்குக் கல்யாணமாகி வந்த அன்று, கிழக்கே சிறுமலையும் மேற்கே கொடைக்கானல் மலையும் ஒரே பார்வையில் தெரிவதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இடமும் சும்மாவா கெடக்கு?" என்று கேட்டாள். சும்மா கிடக்கவில்லை, அதில் பாதியில் நான்தான் முதுகு ஒடிய நிற்கிறேன் என்று சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

எனக்கு மல்லித் தோட்டம். விடியுமுன் நானும் அவளும் போய் மொட்டுப் பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு வெடித்துவிடும், திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் யாரும் சீந்தமாட்டார்கள். காலை முழுக்கக் குனிந்து அதே மண்ணைப் பார்த்தவனை, சாயங்காலம் திரும்பவும் அதே மண்ணைப் பார்க்க வா என்றால் கோபம் வராதா? வந்தது. "காடு எங்கயும் ஓடிப்போயிராது" என்றேன்.

"ஓடிப்போகாது. ஆனா நேத்து இருந்த மாதிரி இன்னிக்கு இருக்காதுல்ல" என்றாள்.

அவள் சொன்னது உண்மை என்று அந்த மாசி கடைசியில் எனக்குத் தெரிந்தது. பனி விட்டுப்போன ஒரு வாரத்துக்குள், மொட்டையாக நின்ற புங்கமரத்தில் தளிர் வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி அப்படி ஒரு மினுமினுப்பு. இருபது வருஷமாக அந்த மரத்தடியில்தான் மண்வெட்டியைச் சாத்துகிறேன், ஒருநாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. வேலியோரத்துக் கல்யாண முருங்கையில் இலையே இல்லாமல் சிவப்புச் சிவப்பாகப் பூ. அதில் மைனாக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சண்டை போட்டன. உழுது போட்ட புழுதிக்காட்டில் ஒரு மயில், யாருக்கும் இல்லாமல் தனக்கே தோகையை விரித்து நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்ன, நின்னுட்டீக?" என்று மனைவி கேட்டபோதுதான் நான் நிற்பதே எனக்குத் தெரிந்தது. இவ்வளவும் எனக்குப் பின்னால், என் குனிந்த முதுகுக்கு மேலே, வருஷா வருஷம் நடந்திருக்கிறது.

எங்களோடு என் அக்காவும் வருவாள், நடந்து அல்ல, ஸ்கூட்டரில். பின்சக்கரத்துக்கு இருபுறமும் சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. வலது கையை முழங்காலில் ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, திரும்பச் சாய்ந்துதான் நடப்பாள். கல்யாணம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அப்பா அம்மா போனபிறகு எங்களோடுதான் இருக்கிறாள். ரெட்டியார்சத்திரத்தில் தையல்கடை, மோட்டார் வைத்த மெஷின், வாய் நிறையப் பேச்சு. நாங்கள் நடக்கிற வேகத்துக்கு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு, "ஏலே, வெரசா நடங்கடா, பெட்ரோல் போகுது" என்று எங்களை விரட்டுவாள்.

இவ்வளவு நடந்தும், நடக்க வேண்டியவள் நடக்கவில்லை. எங்கள் மகளுக்கு இரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தவழ்வாள், பிடித்துக்கொண்டு நிற்பாள். ஓர் அடி எடுத்து வைக்க மாட்டாள்.

வைப்பதற்கு நாங்கள் விட்டதும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. தோட்டத்தில் கருவேல முள், மருந்தடித்த மண். முற்றத்தில் வெயில். வாசலில் வண்டி. யார் வீட்டுக்கு வந்தாலும் முதல் காரியம் அவளைத் தூக்குவதுதான். சாயங்கால நடையில் என் இடுப்பிலிருந்து மனைவி இடுப்புக்கு, அங்கிருந்து என் தோளுக்கு. கால் தரையில் படாமலே ஊரை முழுக்கச் சுற்றிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

பிள்ளை முதலடி வைத்தால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் "பிள்ளை நடந்துட்டாளா?" என்று யாரும் நேராகக் கேட்கமாட்டார்கள். "கொழுக்கட்டை எப்ப?" என்பார்கள். மாசி முழுக்க அதே கேள்வி. கடைக்குப் போனால் கொழுக்கட்டை, பால் ஊற்றப் போனால் கொழுக்கட்டை. மனைவி பச்சரிசியை ஊறவைத்து, இடித்து, வறுத்து டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். பக்கத்துத் தெருவில் எங்கள் மகளுக்குப் பின்னால் பிறந்த குழந்தையின் கொழுக்கட்டை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அதை மனைவி வாங்கிய விதத்தைப் பார்த்துவிட்டு நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

நாங்கள் மொட்டுப் பறிக்கப் போகிற அதிகாலைகளில் மகள் அக்காவிடம் இருப்பாள். அக்கா மட்டும் அவளைத் தூக்கியதே இல்லை. "ஒரு கை முழங்காலுக்கு வேணும். தூக்கிட்டு விழுந்தா ரெண்டு பேருக்கும் வெனை" என்பாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். மகள் அவள் மேல் ஏறி, இறங்கி, தோளைப் பிடித்து எழுந்து நிற்பாள்.

பங்குனி பிறந்த சில நாளில், மார்க்கெட்டுக்குப் பூவை ஏற்றிவிட்டு நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். "அங்கயே நில்லுங்க. கண்ணை மட்டும் தொறந்து வைங்க."

உள்ளே திரும்பி இடது கை விரலை நீட்டினாள். மகள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு அக்கா விரலை மெதுவாக உருவிக்கொண்டாள். மகள் தன்னால் மூன்று நான்கு அடி வைத்து, என் காலைக் கட்டிக்கொண்டாள்.

நான் கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். புல்லுக்கும் மரத்துக்கும் வாய் பிளந்த எனக்கு, அந்தக் குட்டிப் பாதம் தரையை விட்டு எழும்பித் திரும்பத் தரையைக் கண்டுபிடித்ததைப் பார்த்து உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனை கோடிப் பேர் நடக்கிறார்கள். அதில் இப்படி ஓர் அதிசயம் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லையே!

"மாவை எடு, மாவை எடு" என்று அக்கா மனைவியை விரட்டினாள். மகளை இன்னொரு தடவை நடக்கவிட்டோம். அப்போதுதான் பார்த்தேன். வலது காலை வைக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, திரும்பச் சாய்ந்தது.

மனைவியைப் பார்த்தேன். அவளும் பார்த்திருந்தாள். அக்கா பார்க்கவில்லை. அவள் குழந்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வரட்டும் மதினி, நல்ல நாள் பாத்து அவிப்போம்" என்றாள் மனைவி. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டோம். சாயங்கால நடையில் அவளைக் கீழே விடவே இல்லை. சொட்டு மருந்து ஒருமுறைகூடத் தவறாமல் போட்டிருக்கிறோம், அது பரம்பரையாக வருகிற வியாதியும் இல்லை, எல்லாம் தெரியும். தெரிந்து என்ன? அக்காவைப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பெயருக்காகப் பையன்களோடு மண்ணில் புரண்டவன் நான். வேம்பு பூத்துத் தெருவே மணத்த அந்த நாட்களில் எனக்கு எதுவும் மணக்கவில்லை.

திண்டுக்கல்லில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனோம். அக்காவிடம் தடுப்பூசி என்று சொல்லிவிட்டுப் போனோம். அவர் மகளின் இடுப்பை அசைத்துப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்புல ஒண்ணுமில்லையே" என்று வராந்தாவுக்கு அழைத்து வந்தார். "விடுங்க. நடக்கட்டும்."

நீளமான, வழவழப்பான வராந்தா. அவ்வளவு தூரத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. மனைவி அந்தக் கோடியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். மகள் கிளம்பினாள். சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து. பாதி வழியில் கால் தள்ளாடியது. விழப்போகிறாள் என்று நான் ஓர் அடி வைத்தேன். அவள் விழவில்லை. வலது கையைக் கொண்டுபோய்த் தன் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மீதி தூரத்தை நடந்தாள்.

என் அக்கா நடந்து போனாள். இரண்டு முழ உயரத்தில், கொலுசு போட்டுக்கொண்டு, என் அக்காவே நடந்து போனாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "வீட்ல இப்பிடி யாரு நடப்பா?"

"எங்க மதினி" என்றாள் மனைவி.

"அவங்ககிட்டதான் கத்துக்கிட்டிருக்கா. நடக்குறதுன்னா இதுதான்னு நெனச்சிருக்கா. காலு நல்லாருக்கு. நாளாக நாளாகத் தானா நேராகும். தூக்கிக்கிட்டே திரியாம கீழ விடுங்க."

பஸ்ஸில் வரும்போது நானும் மனைவியும் மாறி மாறிச் சிரித்தோம், மாறி மாறிக் கண்ணைத் துடைத்தோம். நாங்கள் எல்லோரும் தூக்கிக்கொண்டு திரிந்தபோது, தரையில் அவளோடு இருந்தது ஒரே ஒருத்தி. நடை என்றால் என்ன என்று காட்டியதும் அந்த ஒருத்திதான்.

அக்காவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தோம். வாசலில் நின்றுகொண்டிருந்த அக்கா கேட்டாள். "தடுப்பூசிக்கா எக்ஸ்ரே கவர் குடுத்தாங்க?" என் கையில் அது இருப்பதே எனக்கு நினைவில்லை. மனைவிக்குப் பொய் வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அக்கா முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். "எனக்கு வாரிசு வந்துட்டா பாரு" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினாள். செத்த நேரம் கழித்து என்னைப் பார்த்து, "அதான் கொழுக்கட்டை அவிக்கலையா?" என்று கேட்டாள். நான் எக்ஸ்ரே கவரை அலமாரி மேல் வைக்கப் போனேன். அவள் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அக்கா மகள் முன்னால் நடப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடிதான். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டாள். மகள் தூங்கும் நேரம் பார்த்து ஸ்கூட்டருக்குப் போவாள். தரையில் உட்காரவில்லை, விரல் நீட்டவில்லை. மகள் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு "அத்த, அத்த" என்பாள். "போ தங்கம், அப்பாகூட நட" என்பாள் அக்கா.

மகள் என்னோடு நடக்கவில்லை. என் விரல் அவளுக்கு ஒத்துவரவில்லை. இரண்டு நாள் பார்த்தாள், பிறகு பழையபடி தவழ ஆரம்பித்தாள். வைத்த அடியெல்லாம் திரும்பிப் போய்விட்டது. மனைவிக்கு வந்தது கோபம். "நீங்க நடந்தாத்தான் அவ நடப்பா மதினி. எந்திரிங்க" என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அக்காவிடம் அவள் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான்.

"நேரா நடக்குற காலை நான் கெடுக்கவா? நாளைக்கு இவளையும் அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடட்டும்னா? நீ கேட்டதில்லம்மா, நான் கேட்டவ." அக்கா வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "விடு. கொஞ்ச நாள்ல மறந்துருவா."

அன்று சாயங்காலமும் நடக்கப் போனோம். ஸ்கூட்டர் பின்னாலேயே வந்தது. புங்கமரம் பூத்துக் கொட்டியிருந்தது. பாதை முழுக்கப் பொரியை அள்ளி இறைத்த மாதிரி வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. மிதிக்கவே மனம் வரவில்லை. மேலே தேனீக்களின் ரீங்காரத்தில் மரமே இரைந்தது. அந்த மரத்தடியில் மகள் என் இடுப்பிலிருந்து திமிறினாள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து கீழே விட்டேன்.

நடக்கவில்லை. தவழ்ந்தாள். பூவின் மேல் தவழ்ந்து நேராக ஸ்கூட்டரை நோக்கிப் போனாள். பூவுக்குள் கிடந்த நெருஞ்சி முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. வீறிட்டாள். நான் ஓடித் தூக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டு, முள் தைத்த கையோடு திரும்பவும் ஸ்கூட்டரை நோக்கித் தவழ்ந்தாள்.

"ஐயோ, நில்லு, நில்லு, அத்த வாரேன்." அக்கா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கினாள். முழங்காலில் கையை ஊன்றிச் சாய்ந்து நிமிர்ந்து வந்தாள். பூவில் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கி, உள்ளங்கையை ஊதிவிட்டாள். பிறகு எழுந்திருக்க முயன்றாள். அவள் எழுகிற நேரத்துக்குச் சரியாக மகளும் அவள் விரலைப் பிடித்து எழுந்து நின்றாள். அக்கா விரலை இழுத்துப் பார்த்தாள். மகள் விடவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீ நட அக்கா" என்றேன்.

நடந்தார்கள். புங்கம்பூவின் மேல் இருவரும் ஒன்றாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்து, ஒன்றாகச் சாய்ந்து போனார்கள். தோகை விரித்த மயிலைப் பார்த்து நின்றேன் என்று சொன்னேன் அல்லவா, அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

மறுநாள் கிழமை பார்க்காமல் மனைவி அடுப்பைப் பற்றவைத்தாள். தூக்குவாளியை நான் பிடித்துக்கொள்ள, வீடு வீடாகக் கொடுத்தது அக்காவும் மகளும். கோடி வீட்டுக்காரம்மா குழந்தை வருவதைக் கண் கொட்டாமல் பார்த்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் வாளியை இறுக்கிப் பிடித்தேன். அவர் சொல்லியே விட்டார். "ஆத்தீ, அத்தை நடையில்ல வந்திருக்கு!"

"ஆமா, எங்க வீட்டு நடை. வேணும்னா உங்க பேரனையும் அனுப்புங்க, கத்துத் தாரேன்" என்றாள் அக்கா. அந்த அம்மா கொழுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த வருஷம் எங்கள் தெருவில் அதைப் பற்றி வேறு பேச்சு வரவில்லை.

டாக்டர் சொன்னபடியே ஆனது. சித்திரையில், நாங்கள் கவனிக்காமலே, சாய்வு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் சாயங்காலம் மகள் வண்டிப்பாதையில் எங்களை விட்டு முன்னால் ஓடினாள். ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு, நேராக. முதலில் பார்த்தது அக்காதான். ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

"நேராயிருச்சுடா" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லாத பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் எதையோ தொலைத்த மாதிரியும் இருந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டுக்குட்டி வேலிக்குள் புகுந்துவிட்டது. மகள் திரும்பி ஓடிவந்தாள். என் பக்கம் வரவில்லை, அம்மா பக்கமும் போகவில்லை. ஸ்கூட்டர் அருகில் வந்து "அத்த, வா" என்று கையை நீட்டினாள். அக்கா இறங்கி விரலைக் கொடுத்தாள். முழங்காலில் கையை ஊன்றி ஓர் அடி வைத்தாள். அதுவரை நேராக ஓடிய மகள், அவளோடு சேர்ந்து சாய்ந்தாள். தன் முழங்காலிலும் கையை ஊன்றிக்கொண்டாள்.

அக்கா நின்றுவிட்டாள். "நீ நேரா நட தங்கம்" என்றாள். மகள் அண்ணாந்து பார்த்தாள். நடக்கவில்லை. அத்தை அடுத்த அடியை வைப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வைத்தாள். நானும் மனைவியும் அவர்களை முந்தாமல் பின்னாலேயே நடந்தோம்.